நெஞ்சில் கைவைத்துச் சொன்ன 'ஹவ்'

ஒரே ஒரு சொல்லால் நான் ஒரு மனிதரைக் கெடுத்தேன். அந்தச் சொல் 'ஹவ்'.

ஹைதராபாத்தில் வாழாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த ஊர் உருதுவில் 'ஹவ்' என்றால் 'ஆமாம்'. 'நக்கோ' என்றால் 'வேண்டாம்'. இவ்விரண்டையும் வைத்துக்கொண்டே ஒருவன் இங்கே ஆயுளை ஓட்டிவிடலாம். நானும் அப்படித்தான் ஓட்டினேன்... நக்கோ என்று சொல்ல வேண்டிய இடத்திலும் ஹவ் என்று சொல்லியே!

என் பெயர் சாமுவேல். பூர்விகம் பாளையங்கோட்டைப் பக்கம். பிறந்து வளர்ந்தது செகந்திராபாத். எங்கள் சபையில் பாவசங்கீர்த்தனக் கூண்டு கிடையாது. ஞாயிறுதோறும் எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் பாவ அறிக்கை சொல்வோம். அந்தக் கூட்டுக் குரலுக்குள் தன் குரலை ஒளித்துக்கொள்வது எவ்வளவு சுலபம்! பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவர்களுக்குக் காது கொடுக்க ஒரு சாமியார் இருந்தார். எனக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

எழுபதுகளின் கடைசி அது. பாலாநகரில், சிறிய தொழிற்கூடங்கள் வைத்திருந்தவர்களின் சங்கத்தில் நான் அலுவலகச் செயலாளர். பக்கத்திலிருந்த பெரிய அரசுத் தொழிற்சாலை ஒன்று, தன் ஊழியர் குடியிருப்புக்கு வேண்டிய கீல், தாழ்ப்பாள், கைப்பிடி எல்லாவற்றையும் உள்ளூரிலேயே வாங்கப்போவதாகச் சொன்னது. ஹைதராபாத்காரர்களையும் செகந்திராபாத்காரர்களையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரு பொது வணிக மன்றம் அமைத்தால் என்ன? இந்த யோசனை என்னுடையது. ஆம், என்னுடையதேதான்! அதில் எனக்கு இன்னும் ஓர் அற்பப் பெருமை இருக்கிறது பாருங்கள்...

இரண்டு ஊருக்கும் நடுவே இருப்பது ஓர் ஏரிக்கரை. டாங்க் பண்டில் பஸ் ஏறினால் ஒரு பொட்டலம் கடலை தீர்வதற்குள் மறுகரை வந்துவிடும். ஆனால் கரையைக் கடக்க பாஸ்போர்ட் வேண்டும் என்பதுபோல நடந்துகொண்டார்கள் இரு பக்கத்தாரும். கூட்டம் எந்தக் கரையில்? பதாகையில் எந்த ஊரின் பெயர் முதலில்? இதற்கே வாரக்கணக்கில் சண்டை. 'இரட்டை நகரங்கள்' என்று எழுதித் தப்பித்தேன். ஹைதராபாத் கரையிலிருந்து ஆட்களைக் கூட்டிவரத்தான் எனக்கு மஹ்மூத் பாய் தேவைப்பட்டார்.

பழைய நகரத்தில் பித்தளைச் சாமான் கடை வைத்திருந்தார் அவர். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு பட்டறை. பங்காளித் தகராறோ வாடகைத் தகராறோ, எதுவானாலும் அவர் கடை வாசல் பெஞ்சில்தான் தீரும். பெரிய செல்வர் அல்லர். அவருக்கு இருந்ததெல்லாம் அவருடைய வாக்கு ஒன்றுதான். அதை வைத்துத்தான் அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடந்தார். அவர் பேசியதை இங்கே என் தமிழில் தருகிறேன். இந்த முறையாவது ஒழுங்காக மொழிபெயர்த்துவிட வேண்டும்!

அவரோடு பழகியதில் ஒன்று கற்றேன். அவருடைய 'ஹவ்' இரண்டு வகை. நாம் பேசிக்கொண்டே போகும்போது தலையாட்டி "ஹவ், ஹவ்" என்பார். அது நம் ஊர் 'ம்' கொட்டுவது போல. காதில் விழுகிறது, மேலே சொல் என்று பொருள். இன்னொன்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வது. அது வாக்கு. "முதலாவதை நம்பி எதுவும் செய்துவிடாதீர்கள் சாமுவேல் பாய்" என்று சிரித்துக்கொண்டே எச்சரித்திருக்கிறார்.

எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. தெரியும்!

அபிட்ஸில் ஒரு மண்டபம் பிடித்தோம். கொல்லையில் இரண்டு ஷாமியானாப் பந்தல். ஒன்றில் பிரியாணி, ஒன்றில் சாம்பார் சாதம். தொழிற்சாலை அதிகாரி ஒருவரும் வந்து முன்வரிசையில் அமர்ந்தார். எங்கள் சங்கத் தலைவர் வரதராஜன் மெட்ராஸிலிருந்து வந்தவர். தமிழும் ஆங்கிலமும் தவிர வேறெதுவும் அவர் வாயில் நுழையாது. அவர் ஆங்கிலத்தில் பேச, நான் மைக்கைப் பிடித்து உருதுவில் சொன்னேன். பழைய நகரத்தார் "ஹவ்" என்றதை அவர் ஆங்கிலத்தில் 'எப்படி?' என்று கேட்பதாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார். மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார். நான் மிதந்துகொண்டிருந்தேன்... இரண்டு கரையும் சேர்ந்து சிரிக்கிறதே, என்னால்தானே!

அப்போதுதான் அவர் மன்றத்துக்கான ஒரு விதியைப் படித்தார். பதிவுபெற்ற தொழிற்சாலைகள் மட்டுமே மன்றத்தில் உறுப்பினர். வீட்டில் பட்டறை வைத்திருப்பவர்கள் யாராவது ஓர் உறுப்பினர் வழியாகத்தான் சரக்கு கொடுக்க வேண்டும்.

பழைய நகரத்திலிருந்து வந்திருந்த அத்தனை பேரும் வீட்டுப் பட்டறைக்காரர்கள்! இதை அப்படியே சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். பதாகைச் சண்டையெல்லாம் மறுபடி முளைக்கும். அதிகாரியோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொல்லையிலிருந்து பிரியாணி வாசம் வந்துகொண்டிருந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாரும் சேர்ந்து, ஒருவர் மூலம் ஒருவர், வேலை செய்வோம் என்கிறார்" என்றேன். அது பொய்யா? முழுப் பொய்கூட இல்லை. முழுப் பொய் சொல்லும் துணிச்சல்கூட எனக்கு இல்லாமல் போயிற்று!

"ஹவ், ஹவ்" என்று தலைகள் ஆடின. முதலாவது வகை.

"என்ன சொல்றா சாமுவேல்? சரின்றாளா?" என்று கேட்டார் வரதராஜன்.

"எல்லாரும் ஒத்துக்கறாங்க சார்."

மஹ்மூத் பாய்க்கு மட்டும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். மேடையோரம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: "எங்கள் ஆட்களுக்கு இதில் குறை ஒன்றும் இல்லையே? கைதூக்கச் சொல்லட்டுமா?"

நான் நெஞ்சில் கைவைத்து, "ஹவ்" என்றேன்.

அவர் தன் ஆட்கள் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அத்தனை கைகளும் உயர்ந்தன. அதிகாரி கைதட்டினார். நான் இரண்டு ஷாமியானாவிலும் சாப்பிட்டேன்.

பிறகு நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். உறுப்பினராகச் சேரப் பாலாநகர் வந்தவர்களை வாசலிலேயே திருப்பினார்கள். அதே கீலை அவர்கள்தான் வார்த்தார்கள். ஆனால் எங்கள் ஆட்களின் முத்திரையோடு, எங்கள் ஆட்கள் சொன்ன விலைக்கு. "நீங்களும் சேர்ந்துதானே கைதூக்கினீர்கள்?" என்று கேட்டார்கள் எங்கள் ஆட்கள். தங்களை விற்றுவிட்டார் என்று பழைய நகரத்தார் மஹ்மூத் பாய் மீது பாய்ந்தார்கள். கடை வாசல் பெஞ்சில் உட்கார ஆள் இல்லாமல் போயிற்று.

அவர் என் வீட்டுக்கு வந்தார். கோபமாக வந்திருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ... அவர் சாந்தமாக வந்தார்.

"தலைவர் அந்த விதியை அன்றைக்கே சொன்னாராமே? நீங்கள் உருதுவில் சொன்னீர்களா?"

"எல்லாவற்றையும் சொன்னேன் பாய். மைக் சரியில்லை. கேட்டிருக்காது" என்றேன்.

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "அப்படியானால் தப்பு என் காதுடையது. உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேன், மன்னித்துவிடுங்கள்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் போனதும் என் மனைவி எஸ்தர், "என்ன, ஒங்க மொகம் இப்படிச் செத்துப்போச்சு? அவுக ஒங்கள ஒண்ணும் வையலியே... மன்னிப்புல்லா கேட்டுட்டுப் போறாக!" என்றாள். அவளிடமும் நான் சொல்லவில்லை. அவள் இன்று இல்லை.

மஹ்மூத் பாய் கோட்டி என்ற பகுதியிலிருந்த காது மருத்துவமனைக்குப் போனார் என்று பிறகு தெரிந்தது. காதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் மருத்துவரை நம்பவில்லை. என்னை நம்பினார்! அன்றிலிருந்து யார் பேசினாலும் காதோரம் கையைக் குவித்து, "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்கிற பழக்கம் அவருக்கு வந்துவிட்டது.

மன்றமா? இரண்டு கூட்டத்தோடு அது படுத்துவிட்டது. அதற்காகத்தான் இவ்வளவும்...

வெகுகாலம் கழித்து, அபிட்ஸ் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ள நினைத்தேன், அவர் பார்த்துவிட்டார். இளைத்திருந்தார். கடையை மூடியாயிற்று என்றார். நலம் விசாரித்தபின் என் தோளைத் தொட்டார்.

"எங்கள் தெருவில் என்னை ஏமாற்றுக்காரன் என்கிறார்கள். நான் ஏமாற்றவில்லை, எனக்குக் காது கேட்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை. பரவாயில்லை. எனக்காவது நிச்சயமாகத் தெரிய வேண்டும். அன்றைக்கு நீங்கள் எல்லாவற்றையும் சொன்னீர்கள், நான்தான் கேட்கத் தவறினேன். அப்படித்தானே சாமுவேல் பாய்?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆண்டவர் சாட்சி, திறந்தேன்! இப்போது சொன்னால் இந்த மனிதர் தாங்குவாரா என்று ஒரு கேள்வி வந்தது. அது அவர் மேலிருந்த இரக்கமா? அல்லது இரக்கத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த என் பழைய கோழைத்தனமா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கினாலும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

என் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று.

"ஹவ்" என்றேன்.

அவர் காதோரம் கையைக் குவித்தார். "இன்னொரு முறை சொல்லுங்கள்."

நிறுத்தத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, உரக்க, இன்னொரு முறை சொன்னேன்.