இழை போச்சி

சித்தூர் போகும் பேருந்தில், டீசல் புகையும் யாரோ கூடையில் வைத்திருந்த பழுத்த மாம்பழத்தின் வாசனையும் சேர்ந்து வீசிக்கொண்டிருந்த ஒரு காலை நேரத்தில், பரீட்சை எழுதப் போய்க்கொண்டிருந்த என் அக்காவிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் அவள் படிப்பு நின்றது, என் படிப்பு தொடர்ந்தது. சின்னப் பையன் விவரம் தெரியாமல் செய்தது என்று இத்தனை காலமும் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்திருக்கிறேன். விவரம் தெரியாமல் செய்யவில்லை. அது அவள் மனதில் எந்த இடத்தில் போய்த் தைக்கும் என்று நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்.

அப்போது நாங்கள் ஆந்திர எல்லை ஊரான நகரியில் இருந்தோம். நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா ஒரு முதலாளியின் கொட்டகையில் கூலிக்கு விசைத்தறி ஓட்டினார். கொட்டகையின் பின்சுவரோடு ஒட்டியிருந்த ஓர் அறைதான் எங்கள் வீடு. தறிகள் ஓடும்போது சுவரில் மாட்டியிருந்த சாமி படம் நடுங்கும், குடத்துத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும், தட்டில் போட்ட சோற்றின்மேல் பஞ்சுத் தூசி படியும். எங்கள் தெருவில் எல்லோரும் உரக்கத்தான் பேசுவார்கள், ரகசியத்தைக்கூட. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கடைவீதியில் இரண்டும் கலந்து. அக்கா மங்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அம்மா நோயில் படுத்திருந்த காலத்தில் பள்ளியை விட்டு நின்று, பிறகு மறுபடி சேர்ந்ததால், நானும் அவளும் ஒரே வகுப்பில் படித்தோம்.

அவள் திரும்பச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் வகுப்பில் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் மேஜையைத் தட்டி, "தியாச பெட்டு!" என்று அதட்டினார். தெலுங்கில் 'தியாச' என்றால் கவனம். பாடத்தைக் கவனி என்று சொன்னார். அக்காவுக்குத் தெலுங்கு அரைகுறையாகப் போயிருந்தது, அவள் காதில் அது 'தியானம்' என்று விழுந்திருக்கிறது. சட்டென்று பெஞ்சின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்து, கண்களை மூடிக்கொண்டாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஆசிரியர் வந்து நடுமண்டையில் ஒரு குட்டு வைத்தார். அன்றிலிருந்து அவளுக்குச் "சாமியாரம்மா" என்று பெயர். வகுப்பில் பிறந்த அந்தப் பெயரைத் தெருவரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது நான்தான். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். சாயங்காலம் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "கண்ண மூடிக்கினு குந்துறது நல்லாத்தான்டா இருந்துச்சி. குட்டு உழறதுக்கு முன்னாடி."

அதன்பிறகு தினமும் படிக்கத் தொடங்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காருவது அவள் பழக்கமாகிவிட்டது. அமைதியான இடம் தேடி அவள் எங்கேயும் போகவில்லை. போக இடமும் இல்லை. நைனா ஓட்டும் தறிக்குப் பக்கத்திலேயே, நூல் மூட்டைமேல் உட்கார்ந்து படிப்பாள்.

தறியைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல்களுக்குப் 'பாவு' என்று பெயர். அந்தப் பாவில் ஒற்றை இழை அறுந்தால் எங்கள் தறி நிற்காது. சத்தமும் மாறாது. எதுவும் நடக்காத மாதிரி அது ஓடிக்கொண்டே இருக்கும். துணியில் மட்டும் மெல்லிய கோடு ஒன்று விழுந்துகொண்டே போகும். "ஓடுற தறியப் பாத்து ஏமாந்துடாத, துணியப் பாரு" என்பார் நைனா. அறுந்ததைக் கண்டதும் தறியை நிறுத்துவார், நுனியைத் தேடி எடுத்து முடிச்சுப் போடுவார், மறுபடி ஓட்டுவார். நூலைத் திட்ட மாட்டார், தன்னையும் திட்டிக்கொள்ள மாட்டார்.

அக்கா இதைத் தன் படிப்புக்கு எடுத்துக்கொண்டாள். வரிமேல் விரலை வைத்துப் படித்துக்கொண்டே போவாள். கண் ஓடிக்கொண்டிருக்கும்போதே மனம் வேறெங்காவது போய்விட்டால், "இழ போச்சி" என்று சொல்லி நிறுத்திவிட்டு, எந்தச் சொல்லில் போனது என்று தேடி விரலை அங்கே திருப்பி வைப்பாள். அவ்வளவுதான் அவள் வித்தை. நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முயன்று பார்த்தேன். முதலில் ஒரு வரிக்குள்ளேயே எனக்கு நாலைந்து முறை அறுந்தது. "இன்னாடா, உனுது இத்துப்போன பாவா?" என்று சிரிப்பாள். சில மாதங்களில் அரைப் பக்கம்வரை அறுந்துபோகாமல் ஓட்டப் பழகிக்கொண்டேன்.

அந்த ஆண்டுக் கடைசியில் ஆசிரியர் வீட்டுக்கே வந்தார். திருப்பதியில் விடுதியோடு பள்ளிகள் இருக்கின்றன, ஆண்பிள்ளைகளுக்கு ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. சித்தூரில் நுழைவுத் தேர்வு நடக்கிறது, இரண்டு பேரையும் எழுதச் சொல்லுங்கள் என்றார். நைனா யோசித்துச் சொன்னார்: "ரெண்டும் எழுதட்டும் சார். ஆனா ஒண்ணத்தான் அனுப்ப முடியும். இன்னொண்ணு இங்க தார் சுத்தணுமே." தார் என்பது பாவுக்குக் குறுக்கே ஓடும் தறிநாடாவுக்குள் வைக்கும் நூல் சுற்றிய குச்சி, அதைச் சுற்றிக் கொடுக்கக் கையாள் இல்லாவிட்டால் தறிக்காரருக்கு வேலை ஓடாது. ஆசிரியர் புறப்படும்போது வாசலில் நைனா சொன்னது சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டுவிட்டது: "மங்காதான் பாஸ் ஆவும் சார். அதுக்குத்தான் மனசு ஒரே எடத்துல நிக்குது. சீனு தார் சுத்திப் பழகிக்கட்டும்."

கொட்டகையில் வேலை செய்த ஆட்கள் எப்படி இருமுவார்கள் என்பதைப் பின்சுவர் வழியே தினமும் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த இருமலுக்குள் போகக் கூடாது என்று முடிவு செய்தேன். அக்காவைவிட நன்றாகப் படிப்பது என் கையில் இல்லை. அவள் இழையை அறுப்பது என் கையில் இருந்தது.

தேர்வன்று எங்களைப் பேருந்தில் ஏற்றிவிட்டு ஆசிரியர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் அக்காவும் பின்னால். புத்தூர் தாண்டி மாந்தோப்புகள் வந்ததும் அவள் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் சொன்னேன்: "அக்கா, காலையில நீ தண்ணி புடிக்கப் போனப்ப நைனாவுக்கு நெஞ்சு வலிச்சிது. மாரப் புடிச்சிக்கினு குந்திட்டாரு. உங்கிட்ட சொல்லாதன்னு அம்மா சொல்லுச்சி."

அவள் கண்ணைத் திறந்தாள். மறுபடி மூடவில்லை.

தேர்வுக் கூடத்தில் எனக்குக் குறுக்கே இரண்டு வரிசை தள்ளி அவள் உட்கார்ந்திருந்தாள். விரலை வினாத்தாளில் வைப்பதும் எடுப்பதும் வைப்பதுமாக இருந்ததைப் பார்த்தேன். பாதி நேரத்தில் எழுந்து, தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அன்றைக்குப்போல என் மனம் அதற்கு முன்னால் ஒருமுகப்பட்டு நின்றதில்லை. ஒரு கேள்விகூட விடாமல் எழுதினேன்.

அவள் ஆசிரியரிடம்கூடச் சொல்லாமல் தனியாகப் பேருந்து ஏறி வீட்டுக்குப் போயிருக்கிறாள். நைனா தறி ஓட்டிக்கொண்டிருந்தாராம். "இன்னா மே, அதுக்குள்ள வந்துட்ட?" என்று கேட்டதற்கு, "கேள்வி கஷ்டமா இருந்துச்சி நைனா" என்று சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் நான் போனபோது எனக்குச் சோறு போட்டது அவள்தான். அடி விழும், நைனாவிடம் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். குழம்பை ஊற்றிவிட்டு, "நல்லா எழுதினியா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் திருப்பதிக்குப் போனேன். அவள் தார் சுற்றினாள், பிறகு தறி ஓட்டினாள், அதே ஊரில் ஒரு தறிக்காரரைக் கட்டிக்கொண்டாள். நான் பட்டம் பெற்று, சித்தூரில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்து, பெரிய நாற்காலிவரை போய் ஓய்வு பெற்றேன். படித்தபோதும் சரி, பதவி உயர்வுக்கான தேர்வுகளிலும் சரி, கோப்புகளில் மூழ்கிய நாட்களிலும் சரி, எனக்குக் கைகொடுத்தது அக்காவின் அந்த ஒரே வித்தைதான். ஓய்வுக்குப் பிறகு திருப்பதியில் ஒரு வாடகைக் கூடத்தில், வேலைக்கான தேர்வெழுதும் பிள்ளைகளுக்குத் தியானமும் மன ஒருமையும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். 'இழை முறை' என்று அதற்குப் பெயரும் வைத்தேன். நல்ல பெயர் கிடைத்தது. மாம்பழக் கூழ் ஆலைகளிலிருந்தெல்லாம் ஊழியர்களுக்கு வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள். இதை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால், சந்திரகிரிக் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன் என்று சொல்லிவந்தேன். அப்படி யாரும் இல்லை. முதல் பொய்யை மறைக்க இரண்டாவது பொய்.

சென்ற ஆண்டு ஒரு வகுப்பில், கடைசி வரிசையில் ஒரு பெண் விரலை மாதிரி வினாத்தாளில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்ததைப் பார்த்தேன். வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றாள். அன்று வகுப்பைப் பாதியிலேயே முடித்துக்கொண்டேன். அடுத்த வகுப்பில் எல்லோர் முன்பும் நின்று, பெரியவர் யாரும் இல்லை, என் அக்காதான் என்று தொடங்கி, பேருந்தில் சொன்ன பொய்வரை ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். என்ன நடந்தது தெரியுமா? கைதட்டினார்கள். ஒரு பையன் ஓடிவந்து, "சார், செம்ம மோட்டிவேஷன்!" என்று கையைக் குலுக்கினான். வீடியோ எடுத்திருந்தார்கள். இரண்டு நாளில் அது வாட்ஸப்பில் நகரிவரை போய்விட்டது. வகுப்புக்குக் கூட்டம் இன்னும் கூடியது.

அக்காவைப் பார்க்கப் போனேன். வீடியோ பார்த்தாயா, மன்னித்துவிடு என்று தொடங்கியதுமே கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"பாத்தேன். நல்லா அழுத. துண்டு வேற எடுத்து தொடச்சிக்கின."

"உனக்கு அப்பவே தெரியும் இல்லையா அக்கா?"

"நைனா தறி ஓட்டிக்கினு பீடி குடிச்சிக்கினு இருந்தாரு. எனுக்கு அறிவு இல்லியா?"

"ஏன் அவருகிட்ட சொல்லல?"

"சொன்னா உன்ன அனுப்பியிருக்க மாட்டாரு. அப்பறம் ரெண்டு பேரும் இங்கயே குந்திக்கினு தார் சுத்தினு இருக்கணும். ஒண்ணாவது போவட்டும்னு வாய மூடிக்கினேன்." உடனே அடுத்ததையும் சொன்னாள்: "அதுக்குன்னு எனுக்கு கோவம் இல்லன்னு நினைச்சிக்காத. கீது."

உன்னை மேடையில் உட்கார வைத்து எல்லோர் முன்னாலும் மரியாதை செய்கிறேன் என்றேன். "எதுக்கு? உனுக்கு மனசு லேசாவணும்னா நான் பஸ்சு ஏறி வரணுமா? சால்வை போத்தி போட்டோ புடிப்ப, அதையும் ஊரெல்லாம் அனுப்புவ" என்றாள். பிறகு, அடுப்பில் ஏதோ கொதித்ததை இறக்கி வைத்துவிட்டு வந்து, தான் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டாள். வீட்டிலிருந்தே படித்துப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாமாமே, பேத்தி சொன்னாள், அதை எழுத வேண்டும். அதற்கான அலைச்சல்களை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். தேர்வுக்கு நான்தான் கூட வர வேண்டும். "ஆனா ஒண்ணு. பஸ்சுல ஏறினதுல இருந்து பரீட்ச முடியற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது."

எழுபதைத் தாண்டியவள், கண்புரை அறுவைக்குப் பிறகு போட்ட கண்ணாடியோடு, மருமகன் ஓட்டும் தறிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வரிமேல் விரலை வைத்துப் படித்தாள். வாரந்தோறும் போனேன். பாடம் சொல்ல வாய் திறந்தால், "கேட்டா சொல்லு" என்பாள். கேட்டபோது மட்டும் சொன்னேன். அவள் "இழ போச்சி" என்று சொல்லி விரலைத் திருப்பி வைக்கும்போதெல்லாம், வகுப்புகளில் நான் பேசியதெல்லாம் வெறும் பேச்சு என்று பட்டது.

தேர்வு மையம் சித்தூரில்தான் கிடைத்தது. முதல் தேர்வன்று அதே சாலையில் பேருந்தில் போனோம். எங்கள் பழைய கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது. நைனா இல்லை, அம்மா இல்லை, எங்களை ஏற்றிவிட்ட ஆசிரியரும் இல்லை. புத்தூர் தாண்டியதும் சாலையை ஒட்டியிருந்த மாமரங்களும் அகலப்படுத்தியதில் போய்விட்டன. அக்கா ஜன்னலோரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். சொன்ன வார்த்தைப்படி நான் வாயைத் திறக்கவில்லை. திடீரென்று, கண்ணைத் திறக்காமலேயே, பக்கத்துச் சீட்டுக்காரர்களுக்கும் கேட்கும்படி அந்தத் தறித்தெருக் குரலில் கேட்டாள்:

"ஏன்டா சீனு, நைனாவுக்கு இப்ப நெஞ்சு வலி எப்டி கீது?"

பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அவள் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன்.

பள்ளி வாசலில் வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். பாதி நேரம் ஆனபோது என் கண் அந்த வாசலை விட்டு நகரவில்லை. யாரும் வரவில்லை. மணி அடித்த பிறகு பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள், கூட்டமும் கலைந்தது. எல்லோருக்கும் கடைசியாக அக்கா வந்தாள், விரல் முழுக்க மையோடு.

கணக்கில் மட்டும் தேறவில்லை. முடிவு வந்த அன்று பயந்துகொண்டே போன் செய்தேன். பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

"ஒரு இழதானே போச்சி" என்றாள். "மறுபடியும் எழுதறேன். அடுத்த தபா முன்கூட்டியே போயி ஜன்னல் சீட்டு புடி."