குறுக்கே நிற்கிறவள்

பெலேம் நகரத்துக்கு எதிரே, ஆற்றின் அக்கரைத் தீவில் ஜாசியாராவை அறியாதவர்கள் இல்லை. கமுகு போல ஒல்லியாக வளரும் அசாயி மரங்களில் ஏறிப் பழக்குலை அறுப்பதில் ஆண்களே அவளிடம் தோற்றுப்போவார்கள். பத்தொன்பது வயதில், மழையில் நனைந்திருந்த மரம் ஒன்று அவளோடு சேர்ந்து முறிந்து விழுந்தது. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

ஆற்றுத் தண்ணீரின் மேல் மரக்கால்களில் நிற்கும் பலகை வீடு அவர்களுடையது. அங்கே சக்கர நாற்காலியை எங்கே உருட்டுவது? கைகளை ஊன்றி நகர்ந்து படகில் இறங்கிவிட்டால் மட்டும் அவள் பழைய ஜாசியாராவாகிவிடுவாள். உடற்பயிற்சி சிகிச்சைக்குக்கூடத் தானே துடுப்புப் போட்டுத்தான் நகரத்துக்குப் போனாள். அங்கே அவளுடைய தோள்களைப் பார்த்த பயிற்சியாளர் அரோல்டோ, சக்கர நாற்காலிக் கூடைப்பந்து அணிக்கு வருகிறாயா என்று கேட்டார். பொழுது போகட்டுமே என்று போனாள்.

முதல் நாளே எடிலேனி வந்து மோதினாள். விபத்தில் ஒரு காலை இழந்தவள், அணியிலேயே உயரமானவள், கூடைக்குக் குறி தவறாதவள். ஜாசியாரா நாற்காலியோடு கவிழ்ந்தாள். எல்லோரும் பதறி வந்து பார்த்தால், தரையில் கிடந்தபடி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, தலையில அடிபட்டுடுச்சா?" என்றாள் எடிலேனி.

"இல்லக்கா. மரத்துலேருந்து விழுந்த நாள்லேருந்து எல்லாரும் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரியே தூக்கி வெக்கிறாங்க. நீங்கதான் மனுஷி மாதிரி வந்து இடிச்சீங்க."

அன்று தொடங்கிய சிநேகம் அது.

அந்த ஆட்டத்தில், உடம்பில் எவ்வளவு அசைவு இருக்கிறதோ அதற்கேற்ப ஒவ்வொருவருக்கும் புள்ளி உண்டு. களத்தில் இறங்கும் ஐவரின் புள்ளிகளும் சேர்ந்து ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. எடிலேனி போன்ற உயரக்காரிகளை இறக்க வேண்டுமானால் ஜாசியாரா போன்ற குறைந்த புள்ளிக்காரிகளும் இருந்தாக வேண்டும். அவள் கைக்குப் பந்து வருவதே அபூர்வம். எதிரணியின் நாற்காலிக்குக் குறுக்கே தன் நாற்காலியைக் கொண்டுபோய் நிறுத்தி, தன் ஆளுக்கு வழி திறந்துவிடுவதுதான் அவள் வேலை. வெள்ளம் இழுக்கும்போது படகைக் கரையோடு அணைத்துப் பிடித்துப் பழகியவளுக்கு அது சீக்கிரமே கைவந்தது.

அம்மா ஒஸ்மரினாவுக்குத்தான் இது விளங்கவில்லை. மகள் வீடு திரும்பும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"இன்னிக்காவது கூடையில போட்டியா?"

"இல்லம்மா."

"அப்புறம் எதுக்குடி அவ்வளவு தூரம் போற? நாலு பேர இடிச்சிட்டு வரவா?"

"ஆமாம்மா. அதான் என் வேலை."

மாநிலக் கோப்பையை அணி இரண்டு முறை வென்றபோதும், தன் மகள் சும்மா துணைக்குப் போகிறாள் என்றே அக்கம்பக்கத்தில் சொல்லிவந்தாள் ஒஸ்மரினா.

தேசிய இறுதிப்போட்டி பெலேமிலேயே நடந்தது. அம்மா முதன்முறையாக ஆட்டம் பார்க்க வந்தாள். கூட்டம் முழுவதும் பந்தின் பின்னால் கண்ணை ஓட்டிக்கொண்டிருக்க, அவள் மட்டும் மகள்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் இரண்டு அணிகளும் சமம். எடிலேனி பந்தோடு வந்தாள். அவளை மறிக்கப் பாய்ந்த எதிரணித் தலைவியின் முன்னால் ஜாசியாரா போய் நின்றாள். உலோகத்தோடு உலோகம் மோதியது. அவள் சக்கரங்களை இறுகப் பிடித்துக்கொண்டாள், அசையவில்லை. தடுக்க ஆளில்லாமல் எடிலேனி எறிந்த பந்து கூடைக்குள் இறங்கியது.

அரங்கமே எடிலேனியின் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. ஒஸ்மரினா பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதரின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அந்தப் பொண்ணு போட்டா, சரி. வழி திறந்து விட்டது யாரு? பாத்தீங்களா? அது என் பொண்ணு."

அவர் பார்க்கவில்லை. அதனால் அவருக்கு முதலிலிருந்து விளக்கிச் சொன்னாள்.

அந்த ஆண்டு தேசிய அணிக்கு எடிலேனியை மட்டும் அழைத்தார்கள். ஜாசியாராவுக்கு வருத்தம்தான். எடிலேனி பயிற்சி முகாமுக்குப் போய், தனக்கு வழி திறக்க ஆளில்லை என்று தேர்வாளர்களின் காதைத் துளைத்தெடுத்தாள். அடுத்த ஆண்டு இருவரும் தேசிய அணியின் சீருடையில் ஆடினார்கள். தென் அமெரிக்கப் பட்டம் கிடைத்தது.

பதக்கத்தோடு திரும்பிய வாரம் ஒஸ்மரினா அணி முழுவதையும் விருந்துக்கு அழைத்தாள். களத்தில் யாரையும் இடிக்கத் தயங்காத எடிலேனி, படகில் ஏறியதும் இரண்டு பக்கமும் பற்றிக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள்.

"மெதுவாடி, ஆட்டாத."

"பேசாம உக்காருங்கக்கா. இங்க நான்தான் கேப்டன்."

வீட்டில் பொரித்த மீனும், அசாயிக் கூழும், மரவள்ளி மாவும் வயிறு முட்டப் பரிமாறினாள் ஒஸ்மரினா. எடிலேனியின் தட்டில் மட்டும் பெரிய மீன் விழுந்தது. சாப்பிட்டு முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. யாரும் அவசரப்படவில்லை.