கை மட்டும் போதும்

விருதுநகர் வீடியோக்காரர் நேசகுமார் எடுத்த கல்யாணப் படங்களில் மாப்பிள்ளையைவிடப் பந்தியில் சாப்பிடுகிறவர்கள்தான் அதிகம் தெரிவார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தாய்மாமனின் முகத்தைத் தவறவிட்டுவிட்டார். சீர்த்தட்டு தெரிகிறது, தட்டைப் பிடித்த கை தெரிகிறது, மாமனைக் காணோம். மாமன் ஆள் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். அன்றிலிருந்து எந்த விசேஷமானாலும், வந்தவர் முகங்களையெல்லாம் ஒரு சுற்று எடுத்துவிட்டுத்தான் நேசகுமார் கை நனைப்பார். பேச்சுச் சத்தத்தைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. அதன்மேல் சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார், சர்ச் கல்யாணமென்றால் கீர்த்தனை. என் குரல் எங்கே என்று இதுவரை யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

இப்படிப்பட்டவர்தான் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ரெகுலாவின் கையில் அகப்பட்டார். ரெகுலா ஆவணப்பட இயக்குநர். மலைக்கிராமம் ஒன்றில் மாட்டுப்பண்ணை வைத்திருந்தவரின் மகள். டாக்டர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, அப்பா பால் கறப்பதைப் படமெடுத்தார். அதற்குப் பரிசு வேறு கொடுத்துவிட்டார்கள். பிறகு யார் பேச்சைக் கேட்பார்? வாழைத்தோட்டம், உப்பளம், கப்பல் உடைக்கிற கடற்கரை என்று உலகத்தில் எங்கே கை காய்த்துப்போகிறதோ அங்கே போய் இறங்கிவிடுவார். அவர் போய்வந்த ஊர்களில் கஷ்டம் அப்படியே இருந்தது, படங்கள் மட்டும் நாளுக்கு நாள் நன்றாக வந்தன. இதைச் சொல்லி அவரே வருத்தப்படுவார். வருத்தத்தோடேயே அடுத்த ஊருக்கு டிக்கெட் போடுவார். நல்ல மனுஷி, பொய்யில்லை.

அவர் கூட்டிவந்த கேமராக்காரர் சாத்தூரில் ஒரு பொட்டலம் காரச்சேவை ஒற்றை ஆளாக முடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். அப்படித்தான் நேசகுமாருக்கு வாய்ப்பு வந்தது.

பட்டாசுத் தொழிலைப் பற்றிய அந்தப் படத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததும் அவரே. ஆமத்தூர் வள்ளித்தாய்க்குப் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கிற வேலை. அவர் மகளின் சடங்கை நேசகுமார்தான் எடுத்துக் கொடுத்திருந்தார்.

"பேசுறேன் தம்பி. ஆனா நாந்தேன்னு தெரிஞ்சா அம்புட்டுத்தேன். வேற கம்பெனிலயும் சேக்க மாட்டாக. எங்க வீட்டுல சம்பாதிக்கிறது நா ஒருத்திதான்" என்றார் வள்ளித்தாய்.

நேசகுமாரின் மனைவி எவாஞ்சலின் பள்ளிக்கூட டீச்சர். அவர்தான் இதை இங்கிலீஷில் சொன்னார். ரெகுலா வள்ளித்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வாக்குக் கொடுத்தார். முகம் வராது, கை மட்டும் போதும்.

வள்ளித்தாய் பேசினார். சீசன் நெருங்கி ஆர்டர் குவிந்துவிட்டால் உள்ளே இடம் பத்தாது, மரத்தடியில் உட்காரவைத்து மருந்து அடைக்கச் சொல்வார்கள், அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் சாக்கைப் போட்டு மூடிவிட்டு ஓடச் சொல்வார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னார். மருந்தின் வெள்ளிப்பொடி ஏறிய அவருடைய விரல்களையே நேசகுமார் பிடித்துக்கொண்டிருந்தார். மனுஷன் எவ்வளவு நேரம்தான் விரலையே எடுப்பான்? பேச்சு முடிகிற சமயம் பழக்கதோஷம் கேமராவை மேலே தூக்கிவிட்டது. வள்ளித்தாய் லேசாகச் சிரித்தார். அது பதிவாகிவிட்டது.

சில மாதம் கழித்து ரெகுலா வீடியோ காலில் வந்தார். அந்தச் சிரிப்புதான் படத்துக்கு உயிர், இத்தனை வருஷத்தில் தன்னால் இப்படி ஒன்றை எடுக்க முடிந்ததில்லை என்று கண்கலங்கினார். எவாஞ்சலின் தமிழில் சொல்லச் சொல்ல நேசகுமாருக்குத் தலைகால் புரியவில்லை. பந்தியில் பாயசம் ஊற்றுவதை எடுத்ததற்காக அவரை யாரும் பாராட்டியதில்லை.

எவாஞ்சலின் மொழிபெயர்ப்பதை நிறுத்தினார். "அந்த அக்காவுக்குக் கொடுத்த வாக்கு என்னாச்சு?"

"வெளிநாட்டுல ஓடுற படத்த ஆமத்தூருல யாரு பாக்கப்போறா?"

"பாத்துட்டா?"

நேசகுமார் அந்தச் சிரிப்பைச் சில நாள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். கடைசியில், அவர் வாழ்நாளில் எடுத்த ஒரே நல்ல காட்சியை வெட்டிவிடுங்கள் என்று அவரே சொன்னார். ரெகுலா மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, துக்கத்தோடு வெட்டினார். தன்னிடமிருந்த பதிவையும் நேசகுமார் அழித்தார். வள்ளித்தாயிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று அந்த மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்காகக் கவலைப்படுவதற்கே நேரம் சரியாக இருந்தது.

படம் பரிசு வாங்கியது. அரங்கமே எழுந்து நின்று அழுததாக ரெகுலா சொன்னார். அதை நேசகுமார் வள்ளித்தாயிடமும் பெருமையாகச் சொல்லி வைத்தார்.

அதற்குப்பிறகு படத்தின் ஒரு துண்டு எப்படியோ ஊரிலிருந்த போன்களில் சுற்ற ஆரம்பித்தது. கம்பெனி போர்மேன் சங்கையாவுக்கும் வந்தது. கீழே ஓடிய ஜெர்மன் எழுத்தில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் இல்லை.

"ஏலே, இது நம்ம வள்ளித்தாய் பேச்சுல்ல!"

முகத்தைக் காப்பாற்ற அத்தனை பாடுபட்டவர்கள் குரலை மறந்தே போயிருந்தார்கள். ரெகுலாவுக்குத் தமிழ் என்பதே ஒரு சத்தம். நேசகுமாரோ பாட்டுப் போட்டு மூடியே பழகியவர். மறுநாள் காலையில் வேலைக்குப் போன வள்ளித்தாயை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆமத்தூருக்குப் போகும்போது நேசகுமாருக்கு அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று போனார். வள்ளித்தாய் திட்டவில்லை.

"வாங்க தம்பி. டீச்சர் வரலையா? அந்தப் படத்த எனக்குக் காட்டுறீகளா?"

போனில் போட்டுக் காட்டினார். வள்ளித்தாய் கண்ணெடுக்காமல் பார்த்தார். கடைசியில் எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் நிமிர்ந்தார்.

"நா சிரிச்சது எங்க தம்பி?"

"அத வெட்டியாச்சுக்கா. உங்க நல்லதுக்குத்தான்."

"நீங்க கேமராவத் தூக்குனீகள்ல, அதப் பாத்துத்தான சிரிச்சேன். உங்ககிட்டயாச்சும் இருக்கா?"

"அழிச்சுட்டேன்க்கா."

வள்ளித்தாய் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அங்கன சனமெல்லாம் எந்திரிச்சு நின்னு அழுதாகன்னு சொன்னீகள்ல?"

"ஆமாக்கா."

"யாரப் பாத்துத் தம்பி அழுதாக?"