கார்ட் பெட்டியின் உள்கூரை

1. "இது இல்லங்க தம்பி"

இரண்டு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்த பெட்டியை ஒருவர் ஒரே பார்வையில் தள்ளிவிட்டால் எப்படி இருக்கும்? எனக்கு அது நடந்திருக்கிறது.

இலங்கை மலைநாட்டு ஹட்டனில் எங்கள் பட்டறை மேசைமேல், நான் செய்த கார்ட் பெட்டியின், அதாவது ரயிலில் கார்ட் ஏறி வரும் பெட்டியின், சிறிய மாதிரியை வைத்திருந்தேன். முத்தம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ரொம்ப அழகாத்தான் இருக்கு. ஆனா நான் இருந்த பெட்டி இது இல்லங்க தம்பி."

ஆர்டர் கொடுத்தவர் அவருடைய மகள் திலகா டீச்சர். அவர் முகம் வாடிவிட்டது. எனக்கு முகம் வாடவில்லை, கோபம்தான் ஏறியது.

நானும் என் தொழில் கூட்டாளி ரோசலினும் ரயில் பெட்டிகள், ஸ்டேஷன்கள், பாலங்கள் எல்லாவற்றையும் சிறிய அளவில் செய்து விற்கிறோம். மர வேலை என்னுடையது, பெயின்ட் வேலை அவளுடையது. இப்போது இந்தத் தொழிலுக்குச் சில பிள்ளைகள் ஆசையாக வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2. டீச்சர் சொன்ன கதை

முத்தம்மா வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். நிறைமாதமாக இருந்தபோது மண் சரிந்து ரோடு மூடிக்கொண்டது. லொறி வராது. வலி வந்ததும் கம்பளியில் கிடத்தி ஸ்டேஷனுக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். ஹட்டனுக்கு ஏறுகிற ரயிலில் உட்கார்ந்து போக அவரால் முடியவில்லை. கார்ட் தன் பெட்டியைத் திறந்து, தரையில் படுக்க இடம் ஒதுக்கிக் கொடுத்தார். ரொசல்ல ஸ்டேஷன் வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. அந்தப் பிள்ளைதான் திலகா டீச்சர்.

"எங்கம்மா என்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணுமே கேட்டதில்லண்ணே," என்றார் டீச்சர். "டிவில ஒரு பழைய கோச்சி ரயில் ஓடுறதக் காட்டுனாங்க. அப்பதான், 'அந்தப் பெட்டிய இன்னொரு தடவ பாக்கணும்டி'ன்னு சொன்னாங்க. நெசப் பெட்டிக்கு நான் எங்க போவேன்? நீங்க செஞ்சு குடுங்க."

அப்படிப்பட்ட ஆர்டர் எங்களுக்கு அதற்குமுன் வந்ததில்லை. ஹோட்டல்காரர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் அழகாக இருந்தால் போதும் என்பார்கள். இது ஒரு தாய் கேட்ட பொருள். நான் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன்.

3. என் பெருமை

அதே வகைக் கார்ட் பெட்டி ஒன்று ஓட்டத்தில் இல்லாமல் ஒரு சைடிங்கில், ஒதுக்குத் தண்டவாளத்தில், துருப்பிடித்து நின்றது. அனுமதி வாங்கி, டேப் வைத்து அளந்தேன். பதினாறு அங்குலத்துக்கு ஓர் அங்குலம் என்று ஸ்கேல் வைத்துக்கொண்டேன். உடம்புக்குப் பழைய தேயிலைப் பெட்டிகளின் பிளைவுட். அது எங்கள் மழைக்கும் பனிக்கும் பழகியது, லேசில் நெளியாது. ரிவெட்டுகளுக்குப் பால்மா டின்னின் உள்மூடித் தகடு. பின்பக்கமாக மழுங்கிய தையல் மெஷின் ஊசியால் ஒவ்வொன்றாக அழுத்தினால் முன்பக்கம் ரிவெட் தலை எழும்பி வரும். பிரேக் சக்கரம் சுற்றும். கதவு வழுக்கித் திறக்கும்.

ரோசலின் அதற்குத் துரு ஏற்றினாள். தேயிலை போட்ட தேத்தண்ணிச் சாயத்தைச் சுண்டக் காய்ச்சி, பெயின்டோடு சேர்த்து, மழைத்தண்ணீர் வழியும் இடம் பார்த்துத் தொட்டுத் தொட்டு வைப்பாள். அவள் வைத்த துருவைப் பார்த்தால் தொட்டுவிட்டுக் கையைத் துடைக்கத் தோன்றும். இருபது வருடமாகப் பார்க்கிறேன், எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அந்தப் பெட்டியில் குறை சொல்ல ஒருவர் பிறந்துதான் வரவேண்டும் என்று நினைத்திருந்தேன்.

4. மேசைமேல் படுத்தவர்

"அம்மா, நேர்ல போய் அளந்து செஞ்சதுங்க. ஆணி அளவுகூட மாறல," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று.

முத்தம்மா அதைப் பொருட்படுத்தவில்லை. "இந்த மூடியக் கழட்டலாங்களா?"

கூரை தனியாகக் கழலும். கழற்றிக் கொடுத்தேன். உள்ளே எட்டிப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பெட்டிக்குள் பார்க்கவே இல்லை. கூரையை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார். உள்பக்கம் வெறும் பிளைவுட். தேயிலைப் பெட்டியில் அச்சடித்திருந்த கறுப்பு எழுத்துகூட அப்படியே இருந்தது.

"இதான் தம்பி. இதத்தான் நான் பாத்தேன்."

எங்களுக்குப் புரியவில்லை. அவர் மேசைமேல் கிடந்த உளி, அரம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மல்லாந்து படுத்தார். "திலகா, அதத் தூக்கி என் மூஞ்சிக்கு நேராப் புடி."

டீச்சர் பிடித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தூக்கிக்கொண்டு வந்தபோது வலியில் அவர் கண்ணை மூடியிருந்திருப்பார். பெட்டிக்குள் முழுவதும் மல்லாந்து கிடந்தார். அவர் கண்டது கூரையின் உள்பக்கம் மட்டும்தான்.

"வெள்ளப் பலகைங்க வரிசையா இருந்துச்சு. கம்பிக் கூண்டுக்குள்ள ஒரு லைட்டு. ஒரு எடத்துல மழ ஒழுகிக் கற புடிச்சிருந்துச்சு. அடைக்கோழி குந்தியிருக்க மாதிரியே இருக்கும். அதுவும் குந்தியிருக்கு, நானும் கெடக்கேன். எனக்குச் சிரிப்பாக்கூட வந்துச்சுங்க."

"கார்ட் என்னம்மா செஞ்சாரு?" என்று கேட்டாள் ரோசலின்.

"அந்த மாத்தயா கோட்டக் கழட்டித் தொங்கவிட்டு மறைச்சாரு. வாசலப் பாத்துத் திரும்பி நின்னவருதான், ஒரு தடவ திரும்பலியே! 'பய வெண்ட எபா நங்கி, பய வெண்ட எபா நங்கி'ன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. சிங்களத்துல, பயப்படாத தங்கச்சின்னாரும்மா என்னைய. கூடவந்த அக்கா, பலகைய எண்ணு, வலி தெரியாதுன்னா. எண்ணுனேன். பாதி எண்ணுறதுக்குள்ள வலி வந்துரும். திரும்ப மொதல்லருந்து எண்ணுவேன். கடைசிவரைக்கும் முடிக்கவே இல்ல."

யாரென்றே தெரியாத அந்தக் கார்டை நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முத்தம்மாவிடம் குரல் உயர்த்தியதற்கு வெட்கமாகவும் இருந்தது. பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

5. பொய்க் கணக்கு வேண்டாம்

ஒரு சிக்கல் இருந்தது. சைடிங்கில் நின்ற பெட்டியில் உள்கூரைப் பலகைகளை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வளைவுச் சட்டங்கள் மட்டும்தான் மிச்சம். அளக்கப் போன அன்றும் பார்த்தேன். அண்ணாந்து யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

"சும்மா ஒரு கணக்குக்குக் கோடு கீறிடலாம்," என்றேன் ரோசலினிடம். "எத்தன பலகைன்னு யாருக்குத் தெரியும்?"

அவள் பிரஷைக் கீழே வைத்தாள். "குப்புற விழுந்தும் மீசையில மண்ணு ஒட்டலங்கிறீங்க. அந்தம்மா எண்ணி முடிக்காம விட்ட கணக்கு அது. எண்ணத்தான் போறாங்க. நாம பொய்க் கணக்குக் குடுக்கலாமாண்ணே?"

மறுநாள் ஏணியோடு சைடிங்குக்குப் போனோம். சட்டங்களில் பலகையை முடுக்கிய ஸ்க்ரூ ஓட்டைகள் இருந்தன, துருவும் அழுக்கும் அடைத்து. ரோசலின் ஊசியால் ஒவ்வொன்றையும் குடைந்து காட்டினாள், நான் இடைவெளியை அளந்தேன். ஒரு சட்டத்தில் வந்த எண்ணிக்கைதான் மற்றச் சட்டங்களிலும் வந்தது.

கோடு கீறவில்லை. ஒவ்வொரு பலகையையும் தனியாகச் சீவி ஒட்டினேன். மெல்லிய கம்பியில் லைட் கூண்டு பின்னினேன். அடைக்கோழியை ரோசலின் தேத்தண்ணியிலேயே போட்டாள். மூன்று தடவை போட்டு மூன்று தடவை தேய்த்தாள். "கோழி படம் மாதிரி இருக்கக் கூடாதுண்ணே. கறையாத்தான் இருக்கணும். கோழியத் தேடுறவங்களுக்கு மட்டும் கோழி." நான்காவது தடவை வெறும் ஒழுகல் கறைதான் தெரிந்தது. கொஞ்சம் உற்றுப் பார்த்தேன், கோழி உட்கார்ந்திருந்தது. என்ன கை அது!

6. எண்ணி முடித்தார்

முத்தம்மா வந்ததும் பெட்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மேசைமேல் நாங்கள் விரித்திருந்த போர்வையில் நேராகப் போய்ப் படுத்தார். டீச்சர் கூரையைப் பிடித்தார். எத்தனை பலகை என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

உதடு அசைய எண்ணத் தொடங்கினார். நடுவில் நிறுத்தினார். விட்டுவிட்டாரோ என்று டீச்சர் வாயைத் திறக்க, ரோசலின் அவர் தோளை அழுத்தினாள். முத்தம்மா கறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடியே, நீ இன்னும் எந்திரிக்கலியா?" என்றார் கோழியிடம்.

பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"இருபத்தேழு."

எங்கள் கணக்கும் அதுதான். முத்தம்மா கூரையை மறுபடி ஒரு நோட்டம் விட்டார். "இருபத்தேழேதானா? அன்னைக்கு ஆயிரம் இருந்துச்சேடி!"

சிரித்தார். மல்லாந்து கிடந்ததால் கண்ணீர் இரண்டு காதுப் பக்கமும் வழிந்தது. டீச்சர் கூரையை என்னிடம் கொடுத்துவிட்டு அம்மாவின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ரோசலின் பிரஷ் கழுவப் போகிறேன் என்று வெளியே போனாள். அன்று அவள் பிரஷையே தொட்டிருக்கவில்லை.

அளவு, ரிவெட், துரு எல்லாம் கை பழகப் பழக வரும் பிள்ளைகளே, அதற்குப் பயப்பட வேண்டாம். நான் அன்று கற்றது வேறு. இப்போதெல்லாம் ஆர்டர் கொடுக்க யார் வந்தாலும், டேப்பைத் தொடுவதற்கு முன் அவரை உட்காரவைத்து ஒன்று கேட்கிறேன்: "நீங்க அதுல எங்க இருந்தீங்க?"