யாரும் தொடாத ஆட்டம்

ஆபரேஷன் மேசையில் படுத்திருந்தபோது என் வலது காலை யாரோ தூக்கிப் பிடித்திருந்தார்கள். முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே எல்லாம் மரத்துப்போன பிறகு நடந்தது இது. முழங்கால் மடங்கி, பாதம் அந்தரத்தில் நின்றது. கணுக்காலைச் சுற்றி ஐந்து விரல்கள் இறுக்கியிருந்தன. பக்கத்தில் நின்ற நர்ஸிடம், "காலை யாரு பிடிச்சிருக்கா? விடச் சொல்லுங்க" என்றேன். அவர் என் தலையை லேசாகத் தூக்கிக் காட்டினார். என் கால் மேசைமேல் நீட்டிக் கிடந்தது. அதன் பக்கத்தில் ஆளே இல்லை.

"மரத்துப்போனா சிலருக்கு அப்படித் தோணும்மா" என்றார். கண்ணால் பார்த்த பிறகும் பிடி தளரவில்லை.

அது யாருடைய கை என்று எனக்குத் தெரியும். எங்கள் அணியின் இடது கார்னரில் நிற்பவள், பத்தாம் வகுப்பிலிருந்து என்னோடு கபடி ஆடுகிறவள். இறால் கம்பெனியில் நாள் முழுக்க ஐஸுக்குள் கையை விட்டு வேலை பார்ப்பதால் அவள் விரல்கள் எப்போதும் சில்லென்றிருக்கும். பிடித்தால் உடும்புப்பிடிதான். அவளிடம் கணுக்காலைக் கொடுத்துவிட்டு நடுக்கோடு திரும்பியவர்கள் குறைவு.

ஆபரேஷனுக்கு மூன்று வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் எங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடினோம். நான் கபடி பாடி எதிர்ப்பக்கம் போனேன். ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது இவள் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். என் உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது வானம் மட்டும்தான். முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கிறது, தைக்க வேண்டும் என்று ஸ்கேனைப் பார்த்து டாக்டர் சொன்னார்.

அவள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. அவள் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டே தெரு. எட்டிக்கூடப் பார்க்கவில்லையே என்ற ஆத்திரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் வராவிட்டாலும் அந்தக் கை வந்தது. அப்பாவும் அம்மாவும் எங்கள் கடைக்குப் போய்விட்ட மத்தியானங்களில், காலைத் தலையணைமேல் வைத்துத் தனியாகப் படுத்திருப்பேன். துறைமுகத்தில் ஏதாவது கப்பல் ஊதும். தெருவில் உப்பு லாரி போகும். அந்தச் சத்தங்கள் அடங்கியதும் கணுக்காலில் விரல்கள் ஒவ்வொன்றாக வந்து படியும். போர்வையை விலக்கிப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது.

காலும் என் காலாக இல்லை. பிசியோதெரபிஸ்ட் வந்து, "தொடையை இறுக்குங்க" என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குவேன். தொடை சும்மா கிடக்கும். இடது காலில் சொன்ன உடனே நடப்பது, வலது காலில் நடக்கவே நடக்காது. அவரவர் காலிடம் போய்க் கெஞ்சுவது எவ்வளவு கேவலம் என்பது கெஞ்சிப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். தையலுக்குப் பக்கத்தில் உள்ளங்கையளவு இடம் வேறு உணர்ச்சியற்றுப் போயிருந்தது. அங்கே தடவினால், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியின் காலைத் தடவுவதுபோலக் கூச்சமாக இருக்கும்.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் அம்மா கடையிலிருந்து கறுப்புக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்தாள். முழங்காலுக்குத்தான் கண்ணேறு கழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கீழே குனிந்து, அந்த விரல்கள் படியும் இடத்திலேயே சரியாகக் கட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"இன்னொரு தடவ இந்தக் கால்ல ஏதாவது ஆச்சு, ஒனக்கும் கபடிக்கும் ஒண்ணும் கெடையாது, பாத்துக்க" என்றாள் அம்மா.

எனக்கோ கபடி இல்லாவிட்டால் வேறு ஒன்றும் கிடையாது. பகலெல்லாம் கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸில் கண்டெய்னர் நம்பர்களை டைப் அடிப்பவள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் நான் நான்.

ஏழாவது மாதம், ஆடலாம் என்று டாக்டர் சொன்னார். எங்கள் மைதானம் துறைமுகம் போகும் சாலையில், உப்பளங்களை ஒட்டி இருக்கிறது. முதல் நாள் பயிற்சியில் பாடிப் போனேன். ஏழு பேரும் பின்னால் போனார்கள். இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். மறுநாளும் அப்படித்தான். கால் முன்னைவிட வேகமாகிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

ஒரு வாரம் கழித்து, எதிரணிப் பக்கத்தில் நானாகவே தடுக்கி விழுந்தேன். குப்புறக் கிடந்தேன். அமுக்கப் போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். எதுவும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால் என்னைச் சுற்றிப் பதினான்கு கால்கள் ஆடாமல் அசையாமல் நிற்கின்றன. நான் மெதுவாக எழுந்து, பாடிக்கொண்டே, நடந்துதான் நடுக்கோட்டைத் தாண்டினேன். ஒருத்திகூடக் கையை நீட்டவில்லை. துஷ்டி வீட்டிலிருந்து சாவுத்தீட்டோடு, குளிக்காமல் வந்தவளைக் கண்டு ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கி நின்றார்கள். நான் உயிரோடுதான் இருக்கிறேனா என்று ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்தது. இடது கார்னரில் அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஆட்டம் முடிந்து அவள் தனியாகப் போகும்போது உப்பள வரப்பில் மறித்தேன்.

"ஏளா, கீழ விழுந்து கெடந்தேன்லா, ஏன் பிடிக்கல? கால ஒடச்சிட்டு ஆஸ்பத்திரிக்கும் வரல. இப்ப ஆடவும் விட மாட்டேங்க. என்னதான் நெனச்சிட்டிருக்க?"

அவள் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். பிறகு, "சத்தம் கேக்கு" என்றாள்.

"என்ன சத்தம்?"

"அன்னைக்கு ஒங்காலு திரும்புச்சுல்லா, அப்ப வந்த சத்தம். காதுல கேக்கல. என் கைக்குள்ள கேட்டுச்சு. இறாலுக்குத் தல கிள்ளும்போதெல்லாம் கேக்கு. ஒரு நாளைக்கு நான் எத்தன இறால் தல கிள்ளுதேன்னு ஒனக்குத் தெரியும்லா."

என் கால் கிழிந்த சத்தம் எனக்குக் கேட்டதே இல்லை. அது ஏழு மாதமாக இவள் கைக்குள் இருந்திருக்கிறது. இவளைத் திட்டித் தீர்த்த ஒவ்வொரு நாளும் நினைவுக்கு வந்து எனக்கு வெட்கமாகிவிட்டது.

பேண்ட்டைச் சுருட்டிவிட்டு அவள் கையை இழுத்து முழங்கால்மேல் வைத்தேன். தையலுக்குப் பக்கத்தில் அவள் கை இருப்பதைப் பார்த்தேன், ஆனால் உணரவில்லை. "இங்கன தொட்டா எனக்குத் தெரியாது. நீதான் சொல்லணும்" என்று காலை மடக்கி நீட்டினேன். மறுபடி மறுபடி மடக்கி நீட்டினேன்.

"கேக்கா?"

"இல்ல."

"அப்ப நாளைக்கு நீ என்னையப் பிடிக்கணும். பிடிக்கலன்னா நான் இனிமே மைதானத்துப் பக்கமே வரமாட்டேன். சத்தியமா."

அவள் கையை உருவிக்கொண்டு வரப்பிலேயே நடந்து போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் பாடிப் போனேன். ஆறு பேர் ஒதுங்கினார்கள். நேராக இடது கார்னருக்குப் போய், அவளுக்கு எதிரே வலது காலை முன்னால் வைத்து நின்றேன். கபடி, கபடி, கபடி. அவள் கைகள் பின்னாலேயே இருந்தன. மூச்சு குறைந்தது. குரல் எனக்கே கேட்காத அளவுக்குத் தேய்ந்தது. இதோடு முடிந்தது என்று நினைத்துத் திரும்பினேன்.

கணுக்காலில் பிடி விழுந்தது. உடம்பு திரும்பியது, விழுந்தேன், மூச்சு அறுந்தது.

யாரும் அசையவில்லை. எங்களுக்குப் பயிற்சி தரும் மாஸ்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். எல்லாரும் என் முழங்காலையே கவனித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறதோ என்று கேட்பதுபோல நானும் மணலில் கிடந்தபடி என் காலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மெதுவாக மடக்கினேன். மடங்கியது. நீட்டினேன். நீண்டது.

"நான் அவுட்டு மாஸ்டர், விசில ஊதுங்க!" என்று கத்தினேன்.

விசில் ஒலித்தது. நான் எழுந்துவிட்டேன். அவள் எழவில்லை. மணல் ஒட்டிய உள்ளங்கைகள் இரண்டையும் காதோடு அழுத்திக்கொண்டு கிடந்தாள்.

"என்னளா கேக்கு?" என்றேன்.

"ஒண்ணுமில்லளா, ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.