கார்டில் கேட்ட குரல்

இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. பெங்களூர் தந்தி ஆபீசில் வேலை பார்த்த என் கணவரைத் திடீரென்று பம்பாய்க்கு மாற்றிவிட்டார்கள். நான் பெங்களூரிலேயே, ஒக்கலிபுரத்தில் அப்பா வீட்டில் இருந்தேன்.

அவருக்குப் பக்கம் பக்கமாக எழுதுவேன். எப்போது அழைத்துப் போவீர்கள் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். பதிலுக்கு ஒரு கார்டு வந்தது. 'கடிதம் கிடைத்தது. சுகம். இப்போது வர வேண்டாம். வீடு கிடைத்ததும் தகவல்.' அவ்வளவுதான்! வழக்கமாகப் போடும் 'சௌபாக்கியவதி' கூட இல்லை. 

அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "வேண்டாதவளுக்கு எழுதற மாதிரி எழுதறான். இனி அவனே வந்து கூப்பிட்டாலும் நீ போகப்படாது!" என்றார். அதையே தந்தியாக அடித்துவிடுவதென்று என்னையும் ஜட்காவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். 

தந்தி ஆபீசில், அப்பா எழுதிக் கொடுத்ததைப் படித்த குமாஸ்தா விலாசத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தார். என் கணவர் இங்கே வேலை பார்த்தபோது அவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரராம் இவர். "ஸ்வல்ப இருங்க சார். அப்படி என்னா எழுதிட்டான் அவன்?" என்றார். அப்பா கார்டை அவர் முன்னால் போட்டார்.

படித்துவிட்டுச் சிரித்தாரே ஒரு சிரிப்பு! "வார்த்தைக்கு இத்தனை காசுன்னு நாள் பூரா எண்ணி எண்ணி தந்தி அடிக்கிற கை சார் இது. எங்க வூட்லயும் இதே ரகளைதான்" என்றார். பிறகு என்னிடம், "இத அவன் வாயால கேளுங்கம்மா" என்று சொல்லி, என் கணவரைப் போலவே கழுத்தைத் தடவிக்கொண்டு, தணிந்த குரலில் வாசித்தார். 'வர வேண்டாம்' என்ற இடத்தில் தயங்கித் தயங்கி இழுத்தார். 'வீடு கிடைத்ததும்' என்பதை ஆசையும் அவசரமுமாகச் சொன்னார்.

அச்சு அசலாக அவரேதான்! கூச்சத்தோடு என் எதிரே நின்று பேசுவது போலவே இருந்தது. அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டேன். அப்பா தாம் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக் கிழித்தார்.

கொஞ்ச நாளில் அடுத்த கார்டு வந்தது. அது முன்னதைவிடச் சின்னது. 'வீடு கிடைத்தது. வா.' அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

என் வாழ்க்கையைக் காப்பாற்றிக் கொடுத்த அந்தப் புண்ணியவானுக்கு நேரில் நன்றி சொல்ல எனக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. ஆனால் இன்றைக்கும் ஒரு கடிதம் மனதைச் சுருக்கென்று தைத்தால், எழுதியவருடைய குரலில் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்த பிறகுதான் கோபப்படலாமா என்றே யோசிக்கிறேன்.