ராங்க் கார்டில் என் கையெழுத்து

என் மகளை மூன்றாம் வகுப்பிலேயே நிறுத்திவிட்டார்கள். கணக்கில் நல்ல மார்க்குதான். தமிழ்ப் பாடம் வாசிக்க வரவில்லையாம். எழுபதுகளின் தொடக்கம் அது. மந்தைவெளியில் எங்களுக்கு இஸ்திரி வண்டி இருந்தது. மயிலாப்பூர் வக்கீல் ஒருவரின் கறுப்பு கவுன் என் கையால்தான் மடிப்புக் கலையாமல் கோர்ட்டுக்குப் போகும். அவரிடம் போய் நின்றேன்.

"இன்னா சாமி இது? வருசம் பூரா ஒரு வார்த்தை சொல்லாம, கடைசில ஃபெயிலுன்றாங்க!"

"சொல்லவேயில்லையா? அப்போ சும்மா விடப்படாது" என்றார். பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவிக்காமல் குழந்தையை நிறுத்தியது செல்லாது, நாலாம் வகுப்பில் உட்கார வைக்காவிட்டால் வழக்குப் போடுவோம் என்று பள்ளிக்கூடத்துக்கு நோட்டீஸ் அனுப்பினார். நான் தெருவெல்லாம் சொல்லி வைத்தேன். வீட்டுக்காரர்தான் பெட்டிக்குக் கரி போட்டபடி மகளிடம், "இன்னிக்கு ஸ்கூலு மேல கேஸு. நாளிக்கு போலீசு மேல போடுவா, பாத்துக்கினே இரு" என்று கிண்டல் செய்தார்.

பத்து நாளில் பதில் வந்தது. கூடவே மகளின் ராங்க் கார்டு. வக்கீல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, மாசாமாசம் டீச்சர் எழுதியிருக்காளே, வாசிப்பு வரலை, வந்து பாருங்கோன்னு. ஒவ்வொண்ணுக்கும் கீழே உன் கையெழுத்து இருக்கே!"

இருந்தது. தெருப் பெண்களெல்லாம் ரேஷன் கடையில் கட்டைவிரலை நீட்டியபோது, பேரை எழுதக் கற்றுக்கொண்டவள் நான். ஐந்து எழுத்து. அதற்கு மேல் அப்போது ஒன்றும் தெரியாது. கார்டு வந்தால் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் போடுவேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று மகளைக் கேட்பேன். "நல்லா படிக்கிறேன்னு எழுதிகீறாங்கம்மா" என்பாள். அவளுக்கும் அதை வாசிக்கத் தெரியாது என்று எனக்கு எப்படித் தெரியும்?

"ஒரு வழி இருக்கு" என்றார் வக்கீல். "உனக்குப் படிக்கத் தெரியாது, விவரம் புரியாமக் கையெழுத்துப் போட்டுட்டேன்னு எழுதிடறேன். கைநாட்டு வெச்சுக் குடு. நோட்டீஸ் நிக்கும்."

மை டப்பாவை என் பக்கம் தள்ளினார். பெஞ்சில் காத்திருந்த இரண்டு கட்சிக்காரர்களும் என்னையே பார்த்தார்கள்.

"எனுக்கா சாமி தெரியாது? தெரிஞ்சுதான் போட்டேன்" என்று டப்பாவைத் திருப்பித் தள்ளினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ கேஸ் இல்லேம்மா."

அந்த ஜூன் மாதம் என் மகள் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு மறுபடியும் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தாள். அந்த வருஷமே வாசிக்கவும் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் செய்தது சரிதான் என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் அன்றைக்கு அந்த டப்பாவைத் தள்ளியபோது அவள் படிப்பு என் நினைப்பிலேயே இல்லை. கேஸ் நிற்காதாம் என்று மட்டும்தான் வீட்டில் அவளிடம் சொன்னேன்.